மந்த காலத்தில் சின்னக் கார்
மலிவுச் சரக்கு எப்போது ஓடும், எப்போது நிற்கும்?



"மந்தம் வந்தால் உயர்ந்த சரக்கு தூங்கும், மலிவுச் சரக்கு ஓடும்" என்று நம் வியாபாரத்தில் காலங்காலமாகச் சொல்லி வருகிறோம். சந்தை சுணங்கும் ஒவ்வொரு முறையும் இதை நம்பித்தான் பலரும் கொள்முதலை மாற்றுகிறார்கள். முதல் ரகத்தைக் குறைத்து மூன்றாம் ரகத்தை ஏற்றுகிறார்கள். பெரிய பாக்கெட்டை விட்டுச் சின்னப் பாக்கெட்டை அடுக்குகிறார்கள். சில சமயம் கணக்குச் சரியாக வருகிறது. சில சமயம் அந்த மலிவுச் சரக்கே முதலில் நின்று, பூச்சி விழும் வரை குடோனில் கிடக்கிறது.

ஏன் இந்த வித்தியாசம்? இதை மளிகைச் சரக்கை வைத்துப் பார்ப்பதைவிடக் கார் வியாபாரத்தை வைத்துப் பார்ப்பது சுலபம். நம் ஊரில் எத்தனை மூட்டை துவரை போனது என்று யாரும் மாதாமாதம் கணக்கு வெளியிடுவதில்லை. காருக்கு அப்படியல்ல. எந்தக் கம்பெனி, எந்த ரகம், எத்தனை வண்டி என்று மாதம் பிறந்ததும் எண்ணிக்கை வந்துவிடும். கார் வாங்கலாமா வேண்டாமா என்று வீட்டில் பேசும் குடும்பமும், மாதச் சாமான் சீட்டோடு நம் கடைக்கு வரும் குடும்பமும் ஒன்றே. எனவே அவர்கள் கார் விஷயத்தில் எப்படி நடந்துகொண்டார்கள் என்பது நமக்கும் வேண்டிய செய்திதான்.

சின்னக் கார் வந்த வழி

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. 796 சி.சி. எஞ்சின், விலை சுமார் 50 ஆயிரம் ரூபாய். அதுவரை அம்பாசடரும் ஃபியட்டும்தான் கார். அவை முதலாளி வீட்டு வண்டிகள். ஸ்கூட்டரில் கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள் என்று நான்கு பேராகப் போன குடும்பம், "நாமும் ஒரு நாள்" என்று நினைக்கத் தொடங்கியது 800 வந்த பிறகுதான். 2000-ல் ஆல்டோ வந்தது. 2004-05 முதல் பத்து ஆண்டுகளுக்கு மேல் நாட்டில் அதிகம் விற்ற கார் அதுவே. 2020-க்குள் 40 லட்சம் ஆல்டோ விற்றது. இடையில் 1998-ல் நம் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் சான்ட்ரோ வந்தது. 2015-ல் ஒரகடத்திலிருந்து ரெனோ க்விட் வந்தது.

அரசாங்கமும் இந்த ரகத்துக்கு ஒரு வரம்பு போட்டு வரியைக் குறைத்தது. நீளம் 4 மீட்டருக்குள், பெட்ரோல் எஞ்சின் 1200 சி.சி.க்குள் இருந்தால் சின்னக் கார். 2006 பட்ஜெட்டில் இதற்கு எக்சைஸ் வரி 24-லிருந்து 16 சதவீதமாயிற்று. 2008 பட்ஜெட்டில் 12 ஆயிற்று. கார் கம்பெனிகள் நான்கு மீட்டருக்குள் வண்டியை நறுக்கி அடக்கியதெல்லாம் இந்த வரிக் கணக்கால்தான்.

2008: பழமொழி பலித்த மந்தம்

2008 ஜூலையில் கச்சா எண்ணெய் பீப்பாய் 147 டாலரைத் தொட்டது. அமெரிக்காவில் பெட்ரோல் ஒரு கேலன் 4 டாலருக்கு மேல் போயிற்று. பெரிய வண்டிக்குப் பழகிய அந்த நாட்டு ஜனங்கள் சின்ன வண்டியைத் தேடி ஓடினார்கள். அந்த வருடம் மே மாதம் ஹோண்டா சிவிக், வழக்கமாக முதலிடத்தில் நிற்கும் ஃபோர்டு பிக்கப் வண்டியை முந்தியது. அதனினும் சிறிய ஹோண்டா ஃபிட், டொயோட்டா யாரிஸ் போன்றவற்றுக்கும் நல்ல கிராக்கி.

செப்டம்பர் 15 அன்று லேமன் பிரதர்ஸ் வங்கி திவாலானது. அதன் பிறகு கதை மாறியது. கடன் கொடுப்பவன் கையை மூடிக்கொண்டான். பெட்ரோலும் விலை இறங்கியது. 2007-ல் 1 கோடியே 60 லட்சம் வண்டி விற்ற அமெரிக்காவில் 2009-ல் சுமார் 1 கோடியே 4 லட்சம்தான் போயிற்று. பெரிய வண்டி, சின்ன வண்டி எல்லாமே விழுந்தன. கிரைஸ்லரும் ஜெனரல் மோட்டார்ஸும் அந்த வருடம் திவால் மனு கொடுத்தன.

ஜெர்மனியில் அரசாங்கமே கைகொடுத்தது. ஒன்பது வருடத்துக்கு மேற்பட்ட காரை உடைக்கக் கொடுத்துவிட்டுப் புதுக்கார் வாங்கினால் 2,500 யூரோ. இதற்கு 500 கோடி யூரோ ஒதுக்கினார்கள். 2,500 யூரோ என்பது பெரிய காருக்கு அற்பம், சின்னக் காருக்கு விலையில் பெரும்பங்கு. ஆகவே சின்னக் கார்கள் பறந்தன. இதில் நமக்கும் ஒரு பங்கு கிடைத்தது. ஹூண்டாய் ஐ10 அப்போது சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில்தான் உற்பத்தி. 2009-ல் ஹூண்டாய் இங்கிருந்து சுமார் 2 லட்சத்து 70 ஆயிரம் கார்களை வெளிநாட்டுக்கு ஏற்றியது. அந்த வருடம் உள்நாட்டில் விற்றதும் கிட்டத்தட்ட அதே அளவு. ஜெர்மனிக்காரன் பழைய காரை உடைத்ததில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் டீக்கடைக்கும் மளிகைக்கடைக்கும் வியாபாரம் நடந்தது என்றால் மிகையில்லை.

ஆனால் அந்த விற்பனை நிலைக்கவில்லை. 2009-ல் 38 லட்சம் கார் விற்ற ஜெர்மனியில் 2010-ல் 29 லட்சம்தான். அடுத்த வருடம் வாங்கவேண்டியவர் இந்த வருடமே வாங்கிவிட்டார், அவ்வளவுதான். ஆடித் தள்ளுபடியில் தீபாவளித் துணியையும் சேர்த்து எடுத்துவிட்டால் ஐப்பசியில் ஜவுளிக்கடையில் கூட்டம் எங்கே வரும்?

நம் நாட்டில் 2008-09-ல் கார், வேன் எல்லாம் சேர்த்து சுமார் 15 லட்சத்து 50 ஆயிரம். முந்தைய வருடமும் அதே அளவுதான். உலகமே விழுந்தபோது நாம் விழாமல் நின்றோம். 2009-10-ல் 19 லட்சத்து 50 ஆயிரமாகக் கால் பங்கு கூடியது. காரணங்கள் மூன்று. 2008 டிசம்பரில் சின்னக் கார் எக்சைஸ் 12-லிருந்து 8 சதவீதமாக இறங்கியது. அதே சமயம் ஆறாவது சம்பளக் கமிஷன் நிலுவைத் தொகை, 2008-09-ல் 40 சதவீதம், 2009-10-ல் 60 சதவீதம் என்று மத்திய அரசு ஊழியர் கைக்கு வந்தது. மாருதி கம்பெனி பட்டணத்தை மட்டும் நம்பாமல் கிராமத்துப் பள்ளிக்கூட வாத்தியார், பஞ்சாயத்து ஊழியர், பம்ப்செட் விவசாயி என்று தேடிப் போனது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. 2008 மந்தத்தில் நம் நாட்டுச் சின்னக் கார் வாடிக்கையாளருக்கு வருமானம் போகவில்லை. அரசுச் சம்பளக்காரருக்குக் கூடவே வந்தது. அடிபட்டது ஏற்றுமதி, பங்குச் சந்தை, பெரிய கம்பெனி. அதனால்தான் "மலிவுச் சரக்கு ஓடும்" என்ற பழமொழி பலித்தது.

நானோ: விலை மட்டும் போதவில்லை

அதே மந்தத்தின் நடுவில் உலகத்திலேயே விலை குறைந்த கார் என்று டாடா நானோ வந்தது. 2008 ஜனவரியில் காட்டினார்கள். 2009 மார்ச்சில் விற்பனைக்கு வந்தது. ஒரு லட்ச ரூபாய்க் கார் என்று உலகப் பத்திரிகையெல்லாம் எழுதின. மழையில் ஸ்கூட்டரில் நனைந்து போகும் குடும்பத்தைப் பார்த்து ரத்தன் டாடா நினைத்த கார் அது. நல்ல எண்ணம். மந்தமும் இருந்தது, மலிவும் இருந்தது. பழமொழிப்படி பிய்த்துக்கொண்டு போயிருக்க வேண்டும்.

போகவில்லை. சிங்கூரில் நிலத் தகராறு, தொழிற்சாலையை 2008 அக்டோபரில் அங்கிருந்து எடுத்துக் குஜராத்தில் சனந்துக்குக் கொண்டுபோனதில் காலதாமதம், 2010-ல் சில வண்டிகள் தீப்பிடித்த செய்தி என்று காரணங்கள் உண்டு. வருடத்துக்கு இரண்டரை லட்சம் வண்டி செய்யும் தொழிற்சாலை அது. மிக அதிகமாக விற்ற 2011-12-லேயே 75 ஆயிரத்தைத் தொடவில்லை. 2018 ஜூனில் ஒரே ஒரு நானோ உற்பத்தியானது. அத்தோடு கதை முடிந்தது போலத்தான்.

பெரிய காரணத்தை ரத்தன் டாடாவே பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார். "மலிவான கார்" என்று பெயர் விழுந்துவிட்டது. மலிவு என்ற சொல் வாங்குகிறவரின் கௌரவத்தைத் தொட்டுவிட்டது. ஸ்கூட்டரிலிருந்து காருக்கு ஏறுகிற மனிதர் தெருவில் தலை நிமிர்ந்து நிற்கவே கார் வாங்குகிறார். அவரிடம் "இது ஏழைக்கு உண்டானது" என்றால் எப்படி வாங்குவார்? இன்னும் ஐம்பதாயிரம், ஒரு லட்சம் சேர்த்துப் பழைய ஆல்டோவோ புது ஆல்டோவோ வாங்கிக்கொண்டார்.

2019: பழமொழி பொய்த்த மந்தம்

இனி 2019-க்கு வருவோம். நம்மில் பலருக்கும் நினைவிருக்கும். 2018-19-ல் நாட்டில் 33 லட்சத்து 77 ஆயிரம் கார், வேன் விற்றது. அடுத்த வருடம் 27 லட்சத்து 70 ஆயிரத்துக்கு இறங்கியது. 2019 ஆகஸ்டில் மட்டும் முந்தைய ஆகஸ்டைவிட 31.57 சதவீதம் வீழ்ச்சி. கார் உற்பத்தியாளர் சங்கம் 1997-98-ல் கணக்கெடுக்கத் தொடங்கியதிலிருந்து அவ்வளவு பெரிய வீழ்ச்சி இல்லை.

எந்தக் கார் அதிகம் விழுந்தது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. மாருதியின் அடிமட்ட வரிசை 2018 ஆகஸ்டில் 35,895 வண்டி, 2019 ஆகஸ்டில் 10,123 வண்டி. புது வேகன்-ஆர் அடுத்த வரிசைக்கு மாறியதும் இதில் கொஞ்சம் சேரும். அதனால் இரண்டு வரிசையையும் கூட்டிப் பார்ப்பதே நியாயம். கூட்டினால் 1 லட்சத்து 7 ஆயிரம் என்பது 64 ஆயிரமானது. பத்தில் நான்கு பங்கு காணோம். அதே மாதம் அதே கம்பெனியின் உயரமான, விலை கூடிய பிரெஸ்ஸா, எர்டிகா வரிசை விழவில்லை. சற்றே கூடியது.

மந்தத்தில் மலிவுச் சரக்கு நின்றது, விலை கூடிய சரக்கு போனது! பழமொழி தலைகீழாயிற்று. ஏன்?

ஒன்று, கடன் நின்றது. 2018 செப்டம்பரில் ஐ.எல். அண்ட் எஃப்.எஸ். என்ற பெரிய நிதி நிறுவனம் பணம் திருப்பிக் கொடுக்க முடியாமல் நின்றது. அதைத் தொடர்ந்து வங்கியல்லாத நிதிக் கம்பெனிகளுக்குப் பணம் வரத்துக் குறைந்தது. மாதச் சம்பளச் சீட்டு உள்ளவருக்கு வங்கி கடன் தரும். சம்பளச் சீட்டு இல்லாத சின்ன வியாபாரி, காண்ட்ராக்டர், விவசாயி ஆகியோர் நிதிக் கம்பெனியிடம்தான் போக வேண்டும். அங்கே கதவு சாத்தினால் அவர் எங்கே போவார்? நின்றது அவர் வாங்கும் வண்டி. அதாவது சின்ன வண்டி.

இரண்டு, விலையோடு ஒட்டிக்கொண்ட செலவுகள். உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி 2018 செப்டம்பர் முதல் புதுக்காருக்கு மூன்று வருட மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸை மொத்தமாகக் கட்ட வேண்டியதாயிற்று. 2019-ல் ஏ.பி.எஸ். பிரேக், டிரைவர் ஏர்பேக், பின்னால் இடிக்காமலிருக்க சென்சார் ஆகியவை கட்டாயமாயின. 2020 ஏப்ரல் முதல் புகை விதியான பி.எஸ்.6. எல்லாம் உயிர் காக்கும், நன்மையான விதிகள்தாம். ஆனால் செலவு எப்படி விழுகிறது பாருங்கள். இவற்றால் ஒரு வண்டிக்கு 30 ஆயிரம் கூடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 15 லட்ச ரூபாய்க் காருக்கு அது 2 சதவீதம். 3 லட்ச ரூபாய்க் காருக்கு 10 சதவீதம். உப்பு மூட்டைக்கும் ஏலக்காய் மூட்டைக்கும் ஒரே லாரி வாடகைதான். ஏலக்காய் தாங்கும், உப்பு தாங்காது.

மூன்று, அடிபட்டவர் யார் என்பது. இந்த முறை மந்தம் கீழிருந்து வந்தது. கிராமத்து வருமானம், சின்னத் தொழில், கூலி வேலை இவையே சுணங்கின. 2018-19-ல் 2 கோடியே 12 லட்சம் இருசக்கர வண்டி விற்ற நாட்டில், 2021-22-ல் சுமார் 1 கோடியே 35 லட்சம்தான் விற்றது. இடையில் கொரோனா வந்ததும் காரணம்தான். ஆனால் சரிவு அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. ஸ்கூட்டர் வாங்கவே தயங்குகிறவர் காருக்கு எப்படி ஏறுவார்?

நம் சரக்கிலும் இதே கதைதான் நடந்தது. 2019 ஆகஸ்டில் பார்லே பிஸ்கட் கம்பெனி, விற்பனை குறைந்தால் ஆயிரக்கணக்கான பேரை வேலையிலிருந்து எடுக்க நேரிடும் என்று வெளிப்படையாகச் சொன்னது. 5 ரூபாய்ப் பிஸ்கட்டில் வரி கூடியது, விலையை ஏற்ற முடியவில்லை, பாக்கெட்டில் எண்ணிக்கையைக் குறைத்தார்கள், கிராமத்து ஜனம் கையை இழுத்துக்கொண்டது. 5 ரூபாய்ப் பாக்கெட்டும் 3 லட்ச ரூபாய்க் காரும் ஒரே காரணத்தால், ஒரே மாதத்தில் படுத்தன. இதைக் கல்லாவில் உட்கார்ந்திருந்தவர்கள் கண்ணால் பார்த்தோம்.

கொரோனாவுக்குப் பின்

2020 ஏப்ரலில் மாருதி கம்பெனி உள்நாட்டில் ஒரு கார்கூட விற்கவில்லை. பூஜ்யம். பிறகு சந்தை எழுந்தது. 2024-25-ல் 43 லட்சம் வண்டி, முன் எப்போதும் இல்லாத அளவு. ஆனால் எழுந்தது மேல்பாதி மட்டும். அந்த 43 லட்சத்தில் 28 லட்சம் எஸ்.யூ.வி. என்று சொல்லும் உயரமான வண்டிகள். ஐந்து லட்சம் ரூபாய்க்குக் குறைந்த கார் 2015-16-ல் 9 லட்சத்துக்கு மேல் விற்றது. 2024-25-ல் அது சுமார் 25 ஆயிரம். நூறு பேர் நின்ற வரிசையில் மூன்று பேர்கூட இல்லை.

கம்பெனிகளும் இந்த ரகத்தைக் கைவிட்டன. டாட்சன் 2022-ல் இந்தியாவை விட்டே போயிற்று. சான்ட்ரோவும் அதே வருடம் நின்றது. ஆல்டோ 800 2023-ல் நின்றது. அமெரிக்காவிலும் இப்படித்தான். அங்கே ஹோண்டா ஃபிட் 2020-லும், செவர்லே ஸ்பார்க் 2022-லும் விடைபெற்றன. சின்ன வண்டியில் கம்பெனிக்கு லாபம் சொற்பம். உதிரி பாகம் கிடைக்காத காலத்தில், இருக்கிற பாகத்தை லாபம் கூடிய வண்டிக்குப் போடுவதே கம்பெனிக் கணக்கு.

சின்னக் கார் வாங்கவேண்டியவர்கள் என்ன ஆனார்கள்? ஒரு பகுதியினர் இருசக்கர வண்டியோடு நின்றுவிட்டார்கள். இன்னொரு பகுதியினர் பழைய கார் சந்தைக்குப் போனார்கள். இன்று நாட்டில் புதுக்காரைவிடப் பழைய கார்தான் அதிகம் கைமாறுகிறது. தேவை போய்விடவில்லை, வாங்கும் சக்திதான் விலையை எட்டவில்லை.

2025 செப்டம்பர் 22 முதல் சின்னக் காருக்கு ஜி.எஸ்.டி. செஸ்ஸோடு சேர்த்து 29 சதவீதமாக இருந்தது 18 ஆயிற்று. ஆல்டோ கே10 ஒரு லட்சம் வரை குறைந்து 3 லட்சத்து 70 ஆயிரத்தில் தொடங்கியது. எஸ்-பிரெஸ்ஸோ மூன்றரை லட்சத்துக்கு வந்தது. அதே நாளில் பிஸ்கட்டுக்கும் 18 சதவீதம் 5 ஆனது. இரண்டுக்கும் ஒரே நாளில் விடிந்தது தற்செயலாக இருக்கலாம். ஆனால் கீழ்மட்டச் சந்தையை எழுப்ப வேண்டும் என்ற எண்ணம் ஒன்றுதான்.

கம்பெனிக் கணக்கு வேறு, கல்லாக் கணக்கு வேறு

கார் வியாபாரத்தில் நாம் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொன்று உண்டு. உற்பத்தியாளர் சங்கம் சொல்லும் விற்பனை என்பது, தொழிற்சாலையிலிருந்து டீலருக்கு ஏற்றியது. அது ஜனங்கள் வாங்கிய கணக்கல்ல. டீலர்கள் சங்கம் தனியாக, ஆர்.டி.ஓ. பதிவை வைத்துக் கணக்குச் சொல்கிறது. மந்தம் தொடங்கும்போது இந்த இரண்டுக்கும் நடுவில் இடைவெளி விழும். கம்பெனி ஏற்றிக்கொண்டே இருக்கும். டீலரிடம் வண்டி குவியும். அதற்கு வட்டி கட்டுவது டீலர்.

மூன்று வாரச் சரக்குக்கு மேல் வைக்கக்கூடாது என்று டீலர்கள் சங்கம் சொல்லிக்கொண்டிருந்தது. பலரிடம் அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் நின்றது. 2019 ஏப்ரல் வரையிலான ஒன்றரை வருடத்தில் நாடு முழுவதும் 280-க்கும் மேற்பட்ட ஷோரூம்கள் மூடப்பட்டன. சுமார் 2 லட்சம் பேர் வேலை இழந்ததாக 2019 ஆகஸ்டில் அந்தச் சங்கம் அறிவித்தது. பிறகு கம்பெனிகள் ஏற்றுவதைக் குறைத்தன. அந்த ஆகஸ்டில் 31 சதவீத வீழ்ச்சி என்பது இப்படி வந்ததுதான். ஆர்.டி.ஓ. பதிவில் வீழ்ச்சி அதைவிட மிகக் குறைவு.

மாதக் கடைசியில் ஸ்கீம் சரக்கோடு வாசலில் நிற்கும் சேல்ஸ்மேனை நினைத்துப் பாருங்கள். "அண்ணாச்சி, இந்த மாசம் டார்கெட், பத்துப் பெட்டி போட்டுக்குங்க, இரண்டு பெட்டி இலவசம்" என்பார். அவர் கணக்கில் அது விற்பனை ஆகிவிட்டது. நம் கணக்கில் அது இன்னும் சரக்குதான். ஷோரூம் முதலாளிகள் கோடிக்கணக்கில் பட்ட பாடு, நமக்கு ஆயிரக்கணக்கில் வரும். பாடம் ஒன்றே.

நம் கடைக்கு என்ன?

நாற்பது வருடத்துக்கு மேல் மண்டியில் உட்கார்ந்து பார்த்ததை, இந்தக் கார்க் கணக்கோடு சேர்த்துச் சொல்கிறேன்.

முதலாவது, மந்தம் என்று கேள்விப்பட்டதும் "யாருக்கு மந்தம்?" என்று கேளுங்கள். உங்கள் தெருவில் அரசு ஊழியர், பென்ஷன்காரர், ஆசிரியர் அதிகம் இருந்தால் 2008 போல நடக்கும். முதல் ரகத்திலிருந்து இரண்டாம் ரகத்துக்கு இறங்குவார்கள். இரண்டாம் ரகம் ஓடும். உங்கள் வாடிக்கை தறிக்கூலி, கட்டட வேலை, பட்டாசு, தீப்பெட்டி என்று வாரக்கூலி ஜனங்களாக இருந்தால் 2019 போல நடக்கும். அவர்கள் ஏற்கெனவே கடைசி ரகத்தில் இருப்பவர்கள். இறங்குவதற்குப் படி இல்லை. ரகத்தை மாற்ற மாட்டார்கள், அளவைத்தான் குறைப்பார்கள். ஒரு கிலோ அரைக் கிலோ ஆகும். அங்கே மலிவுச் சரக்கை ஏற்றினால் தேங்கும்.

இரண்டாவது, மலிவுச் சரக்கில் ஒட்டிக்கொள்ளும் செலவைப் பாருங்கள். வண்டி வாடகை, இறக்குகூலி, பாக்கெட் கவர், சிந்தல், எலிச் சேதம் இவையெல்லாம் ஒரு கிலோவுக்கு இவ்வளவு என்று விழும். விலை குறைந்த சரக்கில்தான் இவை லாபத்தைத் தின்னும். கிலோவுக்கு லாபம் எவ்வளவு என்பதோடு, செலவு போக எவ்வளவு என்றும் ஒரு தாளில் எழுதிப் பார்த்துவிட்டு ஏற்றுங்கள்.

மூன்றாவது, சரக்கு நாளைக் கணக்கிடுங்கள். வேகமாக ஓடும் சரக்குக்கு எத்தனை நாள் இருப்பு, மெதுவாகப் போகும் சரக்குக்கு எத்தனை நாள் என்று மாதம் ஒரு முறை எண்ணிப் பாருங்கள். இலவசப் பெட்டிக்காக இருபது நாள் சரக்கை நாற்பது நாள் ஆக்காதீர்கள். வட்டியும் காலாவதித் தேதியும் அந்த இலவசத்தை விழுங்கிவிடும்.

நான்காவது, கடன். சின்னக் காரைச் சாய்த்தது விலையைவிடக் கடன் நின்றதுதான். நம் கடையில் கடன் கொடுப்பவர் நாமே. பற்று நோட்டை ஒரேயடியாக மூடினால் நல்ல வாடிக்கையும் அடுத்த தெருவுக்குப் போய்விடும். திறந்தே வைத்தால் நம் முதல் போய்விடும். நடுவழி உண்டு. தொகைக்கு வரம்பு போடுங்கள். மாதக் கணக்கை வாரக் கணக்காக்குங்கள். கூலி வாங்கும் சனிக்கிழமை மாலை ஒரு பகுதியாவது வரவு வையுங்கள். இருபது வருடம் நேர்மையாக நடந்த குடும்பத்துக்கு ஒரு மாதம் தவணை தவறினால் முகத்தைக் கடுக்காதீர்கள். நிதிக் கம்பெனிக்கு ஆளைத் தெரியாது, ஃபைலைத்தான் தெரியும். நமக்கு ஆளைத் தெரியும். நம் பலமே அதுதான்.

ஐந்தாவது, நானோ சொல்லும் பாடம். குறைந்த விலைச் சரக்கை "மட்டம்", "ஏழைக்கு" என்று சொல்லி விற்காதீர்கள். அதன் உபயோகத்தைச் சொல்லுங்கள். "இது இட்லிக்கு நல்லா வரும்", "இந்தப் பருப்பு சாம்பாருக்குக் குழையும்" என்றால் வாங்குகிறவர் கௌரவமாக எடுத்துப் போவார். பையைக் குறைத்துப் பிடிப்பவரும் மரியாதையைக் குறைத்துப் பிடிப்பதில்லை.

ஆறாவது, நம்மில் இளைய வியாபாரிகள் சிலர் இப்போது வரி குறைந்திருக்கிறது என்று கார் வாங்க நினைக்கிறார்கள். வாங்கலாம். குடும்பம் நனையாமல் போக வேண்டியதுதான். ஆனால் 4 லட்சம் கடனுக்கு 9 சதவீத வட்டியில் ஏழு வருடத் தவணை மாதம் சுமார் 6,400 ரூபாய் வரும். அதோடு பெட்ரோல், இன்ஷூரன்ஸ், டயர், சர்வீஸ். இவ்வளவும் கடையின் லாபத்திலிருந்து வர வேண்டும், கொள்முதல் பணத்திலிருந்து வரக்கூடாது. மோசமான மூன்று மாதங்களின் லாபத்தைச் சராசரி பாருங்கள். அந்தச் சராசரியில் தவணை கட்ட முடிந்தால் வாங்குங்கள். இல்லாவிட்டால் நன்றாக ஓடிய ஒரு பழைய காரைத் தெரிந்த மெக்கானிக்கை வைத்துப் பார்த்து வாங்குவதில் கேவலம் ஒன்றுமில்லை. நாடே அப்படித்தான் வாங்குகிறது.

நண்பர்களே, மந்தத்தில் எந்தச் சரக்கு ஓடும் என்பதைச் சரக்கு தீர்மானிப்பதில்லை, வாங்குகிறவரின் பை தீர்மானிக்கிறது. அந்தப் பை எப்படி இருக்கிறது என்று டெல்லிக்கும் மும்பைக்கும் மூன்று மாதம் கழித்துத் தெரியும். நமக்கு அன்றன்றைக்கே தெரியும். ஒரு கிலோ கேட்டவர் அரைக் கிலோ கேட்கும் நாளைக் குறித்து வையுங்கள். உங்கள் அடுத்த கொள்முதலை அந்தக் குறிப்பிலிருந்து தொடங்குங்கள்.